ஸ்டீயரிங்கை ஒடிச்சா முன்பக்கம் 'டப்' சத்தம்: ஆக்சில் மாத்தியும் போகல

மழைமேகம் | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். முன்சக்கரம் இழுக்கிற பெட்ரோல் கார். வாங்கி 9 வருஷம் ஆச்சு, 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மூணு மாசமா ஸ்டீயரிங்கை ஒடிச்சா முன்னாடி இடது பக்கத்துல 'டப்'னு ஒரு சத்தம். முதல்ல எப்பவாவது வந்துச்சு. இப்போ வண்டியை நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் வருது.

ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "திரும்பும்போது சத்தம்னா ஆக்சில்தான்"னு இடது பக்க ஆக்சிலை, அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டை, முழுசா மாத்திட்டாங்க. பழசைக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். வண்டியை வெளியே எடுத்தா முதல் திருப்பத்துலயே அதே 'டப்'. திரும்பப் போய்ச் சொன்னா, "வலது பக்கமும் போயிருக்கும், அதையும் மாத்திடலாம்"ங்கிறாங்க. இன்னொரு தடவை காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி இங்க கேட்டுடலாம்னு எழுதுறேன். வீட்ல சின்னக் குழந்தை இருக்கு. இந்தச் சத்தத்தோட வெளியூர் போகலாமா கூடாதான்னே தெரியல. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பழைய_ஸ்பேனர் | பதிவு 2

தம்பி, வலது ஆக்சில்ல இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீங்க. சத்தம் எப்படி இருக்குங்கிறதை விட எப்போ வருதுங்கிறதுதான் முக்கியம். எனக்கு மூணு விஷயம் தெரியணும்.

வண்டி ஒரு அடி கூட நகராம, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை ஒடிச்சா சத்தம் வருதா? ஓடும்போது வந்தா ஒரே ஒரு 'டப்'பா, இல்ல சக்கரம் சுத்தச் சுத்த 'டக் டக் டக்'னு தொடர்ந்து வந்து, வேகம் கூடினா அதுவும் கூடுதா? ஆக்சில் மாத்தின பிறகு சத்தம் அப்படியே இருக்கா, இல்ல புதுசா ஏதாவது சேர்ந்திருக்கா? இதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் பார்ப்போம்.

நெடுஞ்சாலை | பதிவு 3

நான் பார்த்த வரைக்கும் திரும்பும்போது சத்தம்னா பத்துல எட்டு தடவை சிவி ஜாயின்ட்தான், அதாவது ஆக்சில் முனையில மடங்கிக்கிட்டே சுத்துற இணைப்பு. என் வண்டியிலயும் அதேதான். இடது பக்கம் திரும்பும்போது வெளிப்பக்கம் இருக்கிற வலது சக்கரத்துக்குத்தான் பாரம் அதிகம். அதனால இடது பக்கம் திரும்பும்போது வர்ற சத்தத்துக்கு வலது ஜாயின்ட்டும் காரணமா இருக்கலாம். ஒர்க்‌ஷாப்காரங்க சொல்றதை ஒரேயடியா ஒதுக்கிடாதீங்க.

மழைமேகம் | பதிவு 4

அண்ணா, இன்னிக்குக் காலையில நிதானமா உக்காந்து பார்த்தேன்.

நின்ன இடத்துலயே வருது. நேரா இருக்கிற ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிச்சா பாதி தூரத்துல ஒரு 'டப்', கோடிக்குப் போறதுக்குள்ள இன்னொண்ணு. திருப்பி நேராக்கும்போதும் ஒண்ணு. சத்தம் வர்ற அதே நொடியில ஸ்டீயரிங்ல ஒரு சின்ன அதிர்வு. உள்ளங்கையில யாரோ சுண்டி விட்ட மாதிரி இருக்கு. மழை பெய்ஞ்ச மறுநாள் ரொம்ப மோசம். வேகமா ஓடும்போது ஒண்ணும் தெரியல.

நீங்க கேட்ட பிறகுதான் ஒண்ணு கவனிச்சேன். ஆக்சில் மாத்தினதுக்கு அப்புறம் ரிவர்ஸ் எடுத்துட்டு முதல் கியர் போட்டு நகரும்போது 'டிக்'னு ஒரே ஒரு தடவை கேக்குது. உலோகத்துல உலோகம் தட்டின மாதிரி, மெல்லிசா. இது முன்னாடி கிடையாது.

பழைய_ஸ்பேனர் | பதிவு 5

ரொம்ப நல்லாக் கவனிச்சிருக்கீங்க. உங்க வண்டியில இருக்கிறது ரெண்டு சத்தம், ரெண்டும் வேற வேற. ஒண்ணைச் சரி பண்ணினாலும் மத்தது 'இன்னும் போகல'ன்னு நினைக்க வச்சிடும். தனித்தனியா எடுத்துக்குவோம்.

முதல்ல 'டப்'. சிவி ஜாயின்ட்டோட வெளிமுனையில ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஆறு குண்டு, குண்டு ஓட வெட்டின தடம். ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு, கிரீஸ் வெளியே போய், மண்ணும் தண்ணியும் உள்ள போனா அந்தத் தடத்துல குழி விழும். சக்கரம் சுத்தும்போது ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைத் தாண்டுறதுதான் 'டக் டக் டக்'. ஆக ஜாயின்ட் சத்தம் போடணும்னா ஆக்சில் சுத்தணும். உங்க வண்டி நின்னுக்கிட்டு இருக்கு, ஆக்சில் சுத்தவே இல்ல. அப்புறம் எப்படி அது ஆக்சில் ஆகும்? நின்ன இடத்துல ஒடிக்கும்போது சிவி ஜாயின்ட்ல இருந்து இப்படி 'டப்' வர்றதுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நின்ன இடத்துல ஒடிச்சா அசையுற பாகங்கள் எதெதுன்னு மட்டும் யோசிங்க: ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் சுத்துறதைப் பக்கவாட்டு அசைவா மாத்துறது), டை ராட் எண்ட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியோட முனை), லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழே பிடிக்கிற கையோட குண்டு இணைப்பு), அப்புறம் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் உள்ள கம்பம்). உங்க வண்டி வகையில ஸ்ட்ரட்டும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்தோட திரும்பும். ஆனா ஸ்ட்ரட்டோட தலை பாடியில போல்ட் போட்டு நிக்குது, அது திரும்பாது. கீழே திரும்புது, மேலே நிக்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு தட்டையான பேரிங், ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்னு பேரு. அதுல தண்ணி இறங்கித் துருப்பிடிச்சு இறுகினா ஸ்பிரிங்கோட மேல்முனை திரும்ப மாட்டேங்குது, கீழ்முனை திரும்பிக்கிட்டே இருக்கு. ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டே போய், தாங்க முடியாத கட்டத்துல சட்டுன்னு விடுபடும். அந்த விடுபடுறதுதான் 'டப்'. உங்க உள்ளங்கையில சுண்டினதும் அதுதான். மழைக்கு மறுநாள் அதிகமாகுதுன்னு சொன்னப்பவே எனக்கு ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் மேல சந்தேகம் வந்துடுச்சு.

இதைப் பத்து நிமிஷத்துல நீங்களே பார்த்துடலாம். வண்டி நாலு சக்கரத்துலயும் சமதரையில நிக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா ஒடிச்சு வச்சா சக்கரத்துக்குப் பின்னாடி ஸ்பிரிங் தெரியும். சாக்பீஸ்ல மேல் சுருள்ல இருந்து கீழ் சுருள் வரை நேரா ஒரு கோடு போடுங்க. ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற தட்டுலயும் அதே நேர்ல ஒரு கோடு. இன்னொருத்தரை மெதுவா ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லிட்டுக் கோட்டையே பாருங்க. பேரிங் நல்லா இருந்தா கோடு வளையாம முழு ஸ்பிரிங்கும் ஒண்ணாத் திரும்பும். இறுகியிருந்தா கோடு சாஞ்சுக்கிட்டே போய், சத்தம் வர்ற அதே நொடியில துள்ளி நேராகும். ஸ்பிரிங்கை வெளிப்பக்கமா விரல் நுனியால தொட்டும் பார்க்கலாம். ஆனா சுருளுக்கு நடுவுல விரலை எந்தக் காரணத்துக்காகவும் நுழைக்காதீங்க.

அந்த 'டிக்'கைப் பத்தி அடுத்த பதிவுல எழுதுறேன். முதல்ல இதைப் பாருங்க.

நெடுஞ்சாலை | பதிவு 6

அண்ணன் சொல்றது சரி. நின்ன இடத்துலயே வருதுன்னா நான் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன், அந்த விவரம் எனக்கு அப்போ தெரியாது. ஆனா இதைப் படிக்க வர்ற எல்லாருக்கும் இதே பிரச்சினையா இருக்காதில்ல, அதனால என் வண்டியில ஜாயின்ட் போனப்போ எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடுறேன். காலி மைதானத்துல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கிட்டே வட்டம் போட்டேன். ரிவர்ஸ்லயும் அதே மாதிரி வட்டம். 'டக் டக் டக்'னு சக்கரத்தோட தாளத்துலயே வந்துச்சு. ஆக்சிலரேட்டரை விட்டா அடங்கும், கொடுத்தா கூடும். குனிஞ்சு பார்த்தா பூட் மடிப்புல வெடிப்பு, சக்கரத்தோட உள்பக்கம் முழுக்கக் கருப்பு கிரீஸ் தெறிச்சிருந்துச்சு. இதெல்லாம் சேர்ந்து இருந்தா ஆக்சில்தான்.

பூட் கிழிஞ்சதை ஆரம்பத்துலயே, சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டா, ஜாயின்ட்டைக் கழுவிப் புது கிரீஸ் வச்சுப் புது பூட் போட்டாலே போதும். சத்தம் வந்த பிறகு கிரீஸ் வச்சுப் பிரயோஜனம் இல்ல, குழி குழிதான்.

இரவுப்பயணி | பதிவு 7

நடுவுல ஒரு கேள்வி. என்னோடது ஃபோர் வீல் டிரைவ் ஜீப். லிவர் போட்டு நாலு சக்கரத்துக்கும் மாத்துற பழைய வகை. 4H-ல, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற நிலையில போட்டு சிமெண்ட் தரையில முழுசா ஒடிச்சா 'டொம் டொம்'னு அடியில யாரோ உதைக்கிற மாதிரி இருக்கு, டயர் துள்ளுது. இதுவும் ஆக்சிலா?

பழைய_ஸ்பேனர் | பதிவு 8

இல்ல. பழுதே இல்ல, ஆனா அப்படி ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரம் போற தூரம் அதிகம், பின்சக்கரம் போற தூரம் குறைவு. உங்க வகை வண்டியில 4H போட்டா முன்னும் பின்னும் ஒரே வேகத்துல பூட்டிக்கும், நடுவுல டிஃபரென்ஷியல், அதாவது முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர், கிடையாது. மண்ணுலயும் சேத்துலயும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிடும். சிமெண்ட்ல வழுக்க முடியாம ஆக்சிலும் கியரும் முறுக்கேறி, டயர் துள்ளித்தான் விடுபடணும். காஞ்ச தார் ரோட்டுலயும் சிமெண்ட்லயும் 2H-லயே, அதாவது ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற நிலையிலயே ஓட்டுங்க. அப்பவும் சத்தம் வந்தா தனியா எழுதுங்க.

மழைமேகம் | பதிவு 9

அண்ணா, பார்த்துட்டேன். அக்கா ஸ்டீயரிங்ல உக்காந்தாங்க, நான் கீழே டார்ச்சோட படுத்தேன்.

வலது பக்கம் முதல்ல. கோடு போட்ட ஸ்பிரிங், மேல்தட்டு எல்லாம் ஒரே துண்டு மாதிரி வழுக்கிக்கிட்டுத் திரும்புச்சு, சத்தமே இல்ல. அப்புறம் இடது பக்கம். அக்கா மெதுவா ஒடிக்க ஒடிக்கக் கீழ் சுருள் திரும்புது, மேல் சுருள் அப்படியே நிக்குது. நான் போட்ட நேர்கோடு சாய்வா இழுபட்டுக்கிட்டே போச்சு. ஒரு விரல் அகலத்துக்கு விலகியிருக்கும், 'டப்'! மேல் சுருள் துள்ளி வந்து கோடு திரும்ப நேரா நின்னுச்சு. அந்த அடியில மேல இருந்து செம்பழுப்பா பொடி உதிர்ந்து என் கன்னத்துல விழுந்துச்சு. மூணு தடவை பார்த்தோம், மூணு தடவையும் அப்படியே.

மூணு மாசமா எங்கிருந்து வருதுன்னு தெரியாம பயந்துக்கிட்டு இருந்த சத்தத்தைக் கண்ணால பார்த்துட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.

கிரீஸ்கை | பதிவு 10

நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. ஆனா ஒண்ணு கிடைச்சுடுச்சுன்னு தேடுறதை நிறுத்திடாதீங்க. வண்டியைத் தூக்குற அன்னிக்கு லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டையும் கட்டாயம் பாருங்க. அதுவும் நின்ன இடத்துல ஒடிக்கும்போது 'டக்'னு முறியுற மாதிரி சத்தம் போடும். மவுண்ட் பேரிங் போனா எரிச்சல்தான். பால் ஜாயின்ட் கழண்டா சக்கரம் மடிஞ்சு வண்டி ரோட்டுல உக்காந்துடும். இதை நேர்ல பார்த்திருக்கேன். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பார்க்கிறது கஷ்டம் இல்ல. ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் மேல உக்கார வச்ச பிறகு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ. இடமும் வலமுமா பிடிச்சு ஆட்டும்போது ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட், இல்ல ரேக். அப்புறம் ஒரு கடப்பாரைக் கம்பியை லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்குற நக்கிளுக்கும் நடுவுல கொடுத்து மெதுவா நெம்பணும். பால் ஜாயின்ட் கிண்ணத்துக்குள்ள மேலும் கீழும் அசைஞ்சா அது முடிஞ்சது. ரப்பர் உறை கிழிஞ்சு துருத்தண்ணி வழிஞ்சிருந்தாலும் மாத்திடுங்க. ஆட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்ட் இல்லேன்னா அன்னிக்கு அந்த வேலையே வேண்டாம்.

உடைஞ்ச ஸ்பிரிங்கும் இதே சத்தம் கொடுக்கும். பெரும்பாலும் கீழ்க்கடைசிச் சுருள்தான் தட்டுக்குள்ளேயே ஒடிஞ்சிருக்கும், அழுக்கு மூடிக் கண்ணுக்குத் தெரியாது. துடைச்சுட்டு ரெண்டு பக்கமும் முனை ஒரே மாதிரி இருக்கான்னு ஒப்பிட்டுப் பாருங்க.

நெடுஞ்சாலை | பதிவு 11

மேல இருந்து பானட்டைத் திறந்து மவுண்ட்டுக்குள்ள துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சா சரியாகாதா? செலவில்லாம முடியுமேன்னு கேக்குறேன்.

பழைய_ஸ்பேனர் | பதிவு 12

ரெண்டு நாள் அடங்கும், அதுக்கு மேல நிக்காது. உள்ள இருக்கிற கொஞ்ச நஞ்ச கிரீஸையும் அது கரைச்சுடும். மவுண்ட்டைச் சுத்தி இருக்கிறது ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறி உப்பிடும். ஸ்ப்ரேயைச் சோதனைக்கு வச்சுக்கலாம், அதுவும் வெறும் தண்ணி ஸ்ப்ரே போதும். ஆர்ம் புஷ் மாதிரி ரப்பர்ல இருந்து 'கிறீச்'னு வந்தா, ஒவ்வொரு புஷ்ஷா தண்ணி பீச்சிட்டு வண்டியை அமுக்கிப் பாருங்க. எதுல பீச்சினப்போ சத்தம் மாறுதோ அதுதான்.

இப்போ அந்த 'டிக்'. மழைமேகம், இது ஆக்சில் மாத்தினதுக்கு அப்புறம் வந்தது, அதனால ஆக்சில் மாத்தும்போது எதையெல்லாம் கழட்டியிருப்பாங்களோ அதையெல்லாம் பார்க்கணும். சக்கரத்து நடுவுல இருக்கிற பெரிய ஹப் நட், பால் ஜாயின்ட்டை நக்கிளோட பிடிக்கிற போல்ட், இல்லேன்னா ஸ்ட்ரட்டை நக்கிளோட பிடிக்கிற ரெண்டு போல்ட். ரிவர்ஸ்ல இருந்து முன்னோக்கி மாறும்போது ஒரே ஒரு 'டிக்', திசை மாறினா மட்டும்தான் அடுத்ததுன்னா ஹப் நட் மேலதான் என் சந்தேகம். ஆக்சிலோட பல்லும் ஹப்போட பல்லும் சேர்ற இடத்துல மயிரிழை இடைவெளி இருந்தாலும் திசை மாறும்போது அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்குத் தட்டும்.

இந்த நட்டுக்கு சாதாரண பாக்ஸ் ஸ்பேனர் பலம் போதாது. பல வண்டிகள்ல 200 நியூட்டன் மீட்டருக்கு மேல கேக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு சர்வீஸ் புத்தகத்துல இருக்கும், அந்த எண்ணைத்தான் நம்பணும், இங்க யாராவது சொல்ற எண்ணை இல்ல, நான் சொன்னதையும் சேர்த்துத்தான். நட் இறுக்குற மெஷின் கன் வச்சு 'டர்ர்'னு இறுக்கினா கூடுதலா குறைவான்னு யாருக்கும் தெரியாது, அளந்து இறுக்குற டார்க் ரென்ச்சே வேணும். இன்னொண்ணு, அந்த நட் விளிம்பை அடிச்சு ஆக்சில் பள்ளத்துல மடக்குற வகைன்னா ஒரு தடவைதான் பயன்படும். பழசையே திருப்பிப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. நட் தளர்வா இருக்கும்போது வண்டியோட எடையைச் சக்கரத்துல இறக்கி உருட்டினா வீல் பேரிங் கெட்டுடும். சக்கரம் மேல தூக்கியிருக்கும்போதே ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி இறுக்கிட்டு, அப்புறமா இறக்குங்க.

சரியான அளவுக்கு இறுக்கியும் 'டிக்' போகலேன்னா ஆக்சிலோட தோளும் பேரிங்கோட உள்வளையமும் உரசுற முகம் காஞ்சு கிடக்குதுன்னு அர்த்தம். கழட்டித் துடைச்சு, அந்த முகத்துல மெல்லிசா கிரீஸ் பேஸ்ட் தடவினா அடங்கும்.

மவுண்ட் வேலைக்குப் போகும்போது இதையும் சொல்லிடுங்க: ரெண்டு பக்கமும் பேரிங்கும் மேல் ரப்பர் மவுண்ட்டும் சேர்த்தே மாத்துறது நல்லது. வலது இப்போ நல்லா இருந்தாலும் அதுக்கும் அதே 9 வருஷம்தான். இந்த வேலையை வீட்ல செய்யாதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்குறேன். பானட்டுக்கு அடியில தெரியுற நடு நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரெஸர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காம கழட்டினா ஸ்பிரிங் ஆளையே அடிச்சுக் கொல்லும். அவ்வளவு விசை உள்ள அடங்கியிருக்கு. சுத்தி இருக்கிற மூணு சின்ன நட் பாடியோட பிடிக்கிறது, அது வேற.

மாட்டும்போது பேரிங்குக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் உண்டு, தலைகீழா போட்டா முதல் நாளே கரகரன்னும். ஸ்பிரிங்கோட முனை கீழ்த்தட்டுல இருக்கிற படியில முட்டி உக்காந்திருக்கணும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தா, வண்டி தரையில நிக்கிற உயரத்துக்கு ஆர்ம் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட்.

கிரீஸ்கை | பதிவு 13

ஒரு சின்ன சேர்க்கை. ஹப் நட்டை இறுக்கின பிறகு நட்டுல இருந்து ஆக்சில் முனை வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்து வச்சுக்குங்க. நட் அசைஞ்சா கோடு உடையும். சந்தேகம் வரும்போதெல்லாம் குனிஞ்சு பார்த்தாலே போதும்.

மழைமேகம் | பதிவு 14

வேலை முடிஞ்சுது. வேற ஒரு மெக்கானிக் கிட்ட கொண்டு போனேன். நான் எடுத்த வீடியோவைக் காட்டினேன், கோடு துள்ளுறதைப் பார்த்த உடனே அவரே "மவுண்ட் பேரிங்"ன்னாரு.

ஹப் நட்டைத்தான் முதல்ல பார்க்கச் சொன்னேன். டார்க் ரென்ச்சைப் புத்தகத்துல இருந்த அளவுக்கு வச்சு அவர் இறுக்கினப்போ, 'கிளிக்'னு நிக்கிறதுக்கு முன்னாடி நட் கிட்டத்தட்ட கால் சுத்து போச்சு. போட்டிருந்தது பழைய நட். ஏற்கெனவே ஒரு தடவை மடக்கின தழும்பு தெரிஞ்சுது, புதுசா மடக்கவே இல்ல. புது நட் போட்டு இறுக்கி மடக்கிட்டாரு. இத்தனை நாள் குழந்தையைப் பின்னாடி உக்கார வச்சு அதுலதான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்னு நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. வீல் பேரிங்கைச் சுத்திப் பார்த்தாரு, முனகல் இல்ல, ஆட்டமும் இல்ல.

அப்புறம் ஸ்ட்ரட்டை இறக்கினாரு. இடது பக்கப் பழைய பேரிங்கை என் கையில கொடுத்தாரு. ரெண்டு கையாலயும் முறுக்கினாத்தான் அசையுது, அசைஞ்சா நறநறங்குது. பிரிச்சுப் பார்த்தா உள்ள கிரீஸ் இருந்த இடத்துல ஈரமான செம்மண் மாதிரி ஒரு கூழ். குண்டுகள்ல பாதி துருப்பிடிச்சுத் தடத்தோட ஒட்டியிருந்துச்சு. பானட்டுக்கு அடியில மவுண்ட்டை மூடுற ரப்பர் தொப்பி இடது பக்கம் காணோம், வலதுல மட்டும் இருந்துச்சு. மழைத்தண்ணி நேரா அது வழியா இறங்கியிருக்கு. ரெண்டு பக்கமும் புதுசு போட்டு, தொப்பியும் வாங்கி மாட்டியாச்சு.

கிரீஸ்கை அண்ணா, பால் ஜாயின்ட்டையும் கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்தாரு. ரெண்டு பக்கமும் அசைவே இல்ல, உறையும் கிழியல. ஸ்பிரிங் முனைகளும் முழுசா இருக்கு. அலைன்மென்ட்டும் முடிஞ்சுது.

வெளியே எடுத்து நின்ன இடத்துல ஒடிச்சேன், சத்தம் இல்ல. ரிவர்ஸ் போட்டு முதல் கியர் போட்டேன், 'டிக்'கும் இல்ல. ஸ்டீயரிங்கை ஒடிச்சு விட்டா அதுவா நேராகி வருது. இதுக்கு முன்னாடி பாதியிலயே நின்னுடும், நான்தான் இழுத்து நேராக்குவேன். அதுவும் இதே பேரிங்காலதான்னு இப்போதான் புரியுது.

இரவுப்பயணி | பதிவு 15

அப்போ கழட்டின பழைய ஆக்சில் நல்லா இருந்ததா? பார்த்தீங்களா?

மழைமேகம் | பதிவு 16

பார்த்தேன். பூட்ல ஒரு கீறல் கூட இல்ல. மடிச்சு மடிச்சுச் சுத்திப் பார்த்தேன், எங்கயும் தட்டல, ஆட்டமும் இல்ல. புது நட் ரசீதையும் பழைய நட் போட்டோவையும் எடுத்துக்கிட்டு முதல் ஒர்க்‌ஷாப்ல போய்ப் பேசப் போறேன்.

பழைய_ஸ்பேனர் | பதிவு 17

கோபப்படாம பேசுங்க, ஆனா கட்டாயம் பேசுங்க, அடுத்த வண்டிக்காவது புது நட் போடுவாங்க. பழைய ஆக்சிலைத் தூக்கிப் போடாதீங்க. பல் இருக்கிற ரெண்டு முனையிலயும் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில சுத்தி, பூட் மடங்காம நேரா படுக்க வைங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் ஹப் நட் கோட்டை ஒரு தடவை பார்த்துட்டு இங்க எழுதுங்க.

மழைமேகம் | பதிவு 18

620 கிலோமீட்டர் ஆச்சு அண்ணா, நடுவுல ரெண்டு நாள் நல்ல மழை. கோடு உடையல. குழந்தையோட ஊருக்குப் போய்ட்டு வந்தோம், வழியில ஒரு சத்தமும் இல்ல.